பாலக்காட்டுக் கணவாய் வழி: யவனர் நடந்தார்களா, காசு மட்டும் நடந்ததா?

பதிவு 1 · நொய்யல்கரையான்

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூர்ப் பக்கம் வெள்ளலூருக்குக் குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. போன வாரம்தான் ஒரு விஷயம் தெரிந்தது. 1842இல் இதே ஊரில் 522 ரோமானிய வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்திருக்கின்றன. அதற்குப் பிறகும் புதையல் கிடைத்திருக்கிறது. நான் தினமும் பால் வாங்கப் போகிற ஊரில் ரோமாபுரிப் பேரரசன் முகம் போட்ட காசு!

பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இது: யவனர்கள், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகர்கள், இன்றைய கொடுங்கல்லூர்ப் பக்கம் இருந்த முசிறித் துறைமுகத்தில் இறங்கி, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் வந்து, கரூர், உறையூர் தாண்டிப் பூம்புகார் சேர்ந்தார்கள், குமரி முனையைக் கப்பலில் சுற்றுவது ஆபத்து என்பதால் இந்தத் தரைவழி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதற்கு உண்மையில் என்ன சான்று இருக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2 · கல்பாத்தி

நான் கணவாய்க்கு அந்தப்பக்கத்துக்காரன். முதலில் நில அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் படித்தவர்கள் சொல்லட்டும்.

வடக்கே நீலகிரியில் தொட்டபெட்டா 2637 மீட்டர். தெற்கே ஆனைமலைப் பக்கம் ஆனைமுடி 2695 மீட்டர். இரண்டுக்கும் நடுவே சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு மலையே இல்லை. தரை சில நூறு மீட்டர் உயரம்தான், அதுவும் ஏறுவது தெரியாமல் ஏறும். 1862இல் சென்னையிலிருந்து பேப்பூர் வரை ரயில் பாதை போட்டவர்கள் இதன் வழியாகத்தான் போனார்கள். அதே காலத்தில் பம்பாய்ப் பக்கம் போர் காட் மலைச்சரிவில் பாதை போட்டவர்கள் பட்ட பாடு இங்கே இல்லை.

ஆடி மாதம் வாளையாறில் நின்று பாருங்கள். மேற்குக் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு கோயம்புத்தூரில் விட்டுவிடும். காற்றுக்கும் மழைக்கும் யானைக்கும் தெரிந்த வாசல் வியாபாரிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

பதிவு 3 · பழங்காசு

காசுப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கொங்கு நாட்டில் வெள்ளலூர் மட்டும் இல்லை. பொள்ளாச்சி, கரூர், உடுமலைப் பக்கம் பூதிநத்தம், கத்தாங்கண்ணி என்று நிறைய இடங்களில் ரோமானிய வெள்ளி கிடைத்திருக்கிறது. கணவாய்க்கு அப்பால் திருச்சூர்ப் பக்கம் எய்யாலிலும் கிடைத்தது. வரைபடத்தில் இந்த ஊர்களைப் புள்ளி வைத்துப் பாருங்கள். கணவாயின் கிழக்கு வாயிலில் கொட்டிய நெல் மாதிரி பரவிக் கிடக்கும்.

இன்னொன்று. இந்த வெள்ளியில் பெரும்பங்கு இரண்டே பேரரசர்களுடையது: அகஸ்டஸ், திபேரியஸ். அதிலும் இரண்டு வகைகள்தான் மிகுதி. ஒன்றில் அகஸ்டஸின் பேரன்கள் இருவர் கேடயத்தோடு நிற்பார்கள். மற்றதில் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்திருப்பாள். கி.பி. 64 வாக்கில் நீரோ காசின் எடையையும் வெள்ளியின் அளவையும் குறைத்தான். அதற்குப் பிந்தைய வெள்ளிக் காசு இங்கே அரிது. நம் ஆட்கள் காசில் இருந்த முகத்தைப் பார்த்து வாங்கவில்லை, உரசிப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. திபேரியஸ் காசு கிடைத்ததால் புதைத்ததும் திபேரியஸ் காலத்தில்தான் (கி.பி. 14-37) என்று சொல்ல முடியாது. நல்ல வெள்ளி பல தலைமுறை கைமாறும்.

பதிவு 4 · சந்தேகி

எல்லோரும் உற்சாகமாக இருக்கிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

முதல் நூற்றாண்டின் நடுவில் எகிப்தைச் சேர்ந்த ஒரு கிரேக்க வணிகர் எழுதிய கடல்வழிக் கையேடு இருக்கிறது, பெரிப்ளூஸ். பெயர் தெரியாத அந்த மனிதர் சரியான கணக்குப்பிள்ளை. எந்தத் துறையில் எது விற்கும், எது வாங்கலாம், எல்லாம் எழுதியிருக்கிறார். தக்காணத்தைப் பற்றிச் சொல்லும்போது பரிகசாவிலிருந்து, அதாவது இன்றைய பரூச்சிலிருந்து, பைத்தான் தெற்கே 20 நாள் தூரம், அங்கிருந்து தகர என்ற ஊர் கிழக்கே 10 நாள் தூரம், சரியான பாதையில்லாத நிலத்தில் வண்டிகளில் சரக்கு வருகிறது என்று எழுதுகிறார். அப்படிப்பட்டவர் முசிறியைப் பற்றி நிறைய எழுதிவிட்டு, அங்கிருந்து கீழைக்கடற்கரைக்கு ஒரு தரைவழி இருப்பதாக ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

மாறாகக் கிழக்குக் கரைத் துறைகளைப் பற்றிச் சொல்லும் இடத்தில், உள்ளூர்க் கப்பல்கள் கரையோரமாகவே மேற்குக் கரை வரை போய்வருகின்றன, மரங்களைப் பிணைத்துக் கட்டிய பெரிய கலங்களுக்குச் சங்கர என்று பெயர், எகிப்திலிருந்து வருவதில் பெரும்பங்கு இங்கேயும் வந்து சேர்கிறது என்கிறார். யவனரின் பெரிய கப்பலுக்குச் சேதுப் பக்கம் ஆழம் போதாது, சரி. உள்ளூர்ப் படகுக்கு என்ன தடை? ஒரு படகு ஏற்றும் சரக்குக்கு எத்தனை மாடு வேண்டும் என்று யாராவது கணக்குப் போட்டீர்களா?

பதிவு 5 · ஏட்டுச்சுவடி

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன். தம்பி சந்தேகி கேட்டது நல்ல கேள்வி. ஆனால் யவனர் எழுதாததை நம்மவர் எழுதியிருக்கிறார்களே.

பட்டினப்பாலையில் பூம்புகார்த் தெருவில் குவிந்து கிடக்கும் பொருள்களைப் பட்டியல் போடும்போது "நீரின் வந்த நிமிர்பரிப் புரவியும் காலின் வந்த கருங்கறி மூடையும்" என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். குதிரை கடல் வழியாக வந்தது. மிளகு மூட்டை "காலின்" வந்தது. கால் என்றால் இங்கே சக்கரம், அதாவது வண்டி. மிளகு விளைவது மேற்கு மலையில். அது காவிரிப்பூம்பட்டினத்துக்கு வண்டியில் வந்ததென்றால் எந்த வாசல் வழியாக வந்திருக்கும்?

பதிவு 6 · சந்தேகி

ஐயா, கால் என்றால் காற்று என்றும் பொருள் உண்டே. காற்றால் வந்த மூட்டை என்றால் பாய்மரம். அப்புறம் உங்கள் சான்று என் பக்கம் வந்துவிடும்.

பதிவு 7 · ஏட்டுச்சுவடி

வரும் என்று எதிர்பார்த்தேன். காற்று என்று கொள்பவர்களும் உண்டு. ஆனால் ஒன்று பாருங்கள். "நீரின் வந்த" என்று ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்ததைக் "காலின் வந்த" என்று சொல்கிறார். இரண்டுமே கப்பல் என்றால் அந்த எதிர்நிலைக்கு வேலை என்ன? நீருக்கு எதிர் நிலம். அதுதான் கவிதையின் போக்கு.

இன்னொரு பிடி இருக்கிறது. இதே புலவர் பெரும்பாணாற்றுப்படையும் பாடினார். அதில் மிளகு தரைவழியில் போவதைக் கண்ணால் பார்த்த மாதிரி சொல்கிறார். பலாமரத்தின் அடியில் காய்த்த பழம் மாதிரி இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும் மிளகுப் பொதி. அதைச் சுமந்து சுமந்து வடுவேறிய முதுகு. தூக்கிய காதுள்ள கழுதைகள். அவற்றோடு போகும் சாத்து, அதாவது வணிகர் கூட்டம். அந்தச் சாத்து நடப்பது "உல்குடைப் பெருவழி". உல்கு என்றால் சுங்கம். வழி பிரியும் இடங்களில் வில்லோடு காவல் வேறு. சுங்கம் வாங்குகிறான், பதிலுக்குக் காவல் தருகிறான். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய சுங்கச்சாவடி. ஃபாஸ்டேக் ஒன்றுதான் இல்லை.

பதிவு 8 · சந்தேகி

அருமையான இடம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரும்பாணாற்றுப்படையின் தலைவன் காஞ்சித் தொண்டைமான் இளந்திரையன். அந்தப் பாணன் நடப்பது தொண்டை நாட்டு வழி. கொங்கு வழி இல்லை.

பதிவு 9 · ஏட்டுச்சுவடி

ஆமாம், சரிதான். தொண்டை நாட்டில் மிளகு விளையாது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். காஞ்சி வரை கழுதை முதுகில் மிளகு போயிருக்கிறது. தரைவழியில் மிளகுப் பொதி போவது அந்தப் புலவருக்கு அன்றாடக் காட்சி. அவ்வளவுதான் நான் சொல்வது.

பதிவு 10 · நொய்யல்கரையான்

ஐயா, கழுதைச் சாத்து மனதில் ஒட்டிக்கொண்டது. முதுகில் வடு என்று எழுதியிருக்கிறாரே, பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு ஒரு சந்தேகம். மிளகு கிழக்கே பூம்புகாருக்குப் போனது, சரி. வெள்ளிக்காசு ஏன் வெள்ளலூரிலேயே தங்கிவிட்டது? வழியில் போகிற பணம் வழியில் தங்குமா?

பதிவு 11 · காங்கேயன்

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். நான் விவசாயிங்க, படியூருக்குப் பக்கம். வரலாறு படித்தவன் இல்லை, ஆனால் எங்கள் மண் எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கம் மழை பெய்து ஓய்ந்தால் சிறுசுகள் கல் பொறுக்கக் காட்டுக்குள் இறங்கும். படியூரில் கிடைப்பது பெரில் கல், பச்சையும் நீலமும் கலந்த கடல் நிறம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் இங்கே குழி வெட்டிக் கல் எடுத்திருக்கிறார்கள், பிறகு தண்ணீர் புகுந்து நின்றுபோனது. இந்தக் கல்தான் ரோமாபுரிப் பெண்களுக்கு உயிர். பிளினி என்ற ரோமானியர் தம் நூலில் நல்ல பெரில் இந்தியாவிலிருந்து வருகிறது என்று எழுதுகிறார். அதே ஆள் இன்னொரு இடத்தில் இந்தியா வருடத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சுகிறது என்றும் புலம்புகிறார்.

படியூரிலிருந்து ஒரு நாள் நடை நொய்யல் வடகரையில் கொடுமணல். பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள். 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியது, அதற்குப் பிறகும் பலமுறை தோண்டினார்கள். கிடைத்தது என்ன? கல்மணி பட்டை தீட்டிய பட்டறை. பெரில், நீலக்கல், பளிங்கு. துளையிடாமல் பாதியில் விட்ட மணி, உடைந்த மணி, கழிவுச் சில்லு. இரும்பு உருக்கிய உலை, மூசையில் எஃகு செய்த தடயம். ஒரே கல்லறையில் 2000க்கு மேல் சூதுபவள மணிகள். சூதுபவளத்துக்கு மூலக்கல் குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும்.

ஆகவே என் கணக்கு இதுதாங்க. வெள்ளலூர்க் காசு வழிப்போக்கன் தவறவிட்ட காசு இல்லை, கொங்கு நாட்டுக்காரன் வாங்கிய கூலியும் விலையும். அந்தப் பெருவழி கடலையும் கடலையும் சேர்க்கப் போட்ட வழி என்று சொல்லும்போது நடுவில் இருக்கும் எங்களை வெறும் பொட்டல் ஆக்கிவிடுகிறீர்கள். சரக்கே இங்கேதான் செய்தார்கள்.

பதிவு 12 · பழங்காசு

காங்கேயன் அண்ணா, கைகொடுங்கள். பெரிப்ளூஸ்காரர் முசிறிப் பகுதியில் கிடைக்கும் சரக்கில் "எல்லா வகையான ஒளி ஊடுருவும் கற்கள்" என்று ஒரு வரி போடுகிறார். கற்கள் முசிறியில் விளைவதில்லை. கொங்கிலிருந்துதான் இறங்கியிருக்க வேண்டும். ஆக, சந்தேகி தேடிய வழியை அந்தக் கணக்குப்பிள்ளை சொல்லாவிட்டாலும் அதில் வந்த சரக்கைச் சொல்லிவிட்டார்.

கொடுமணல் பானையோட்டில் தமிழ் பிராமியில் கீறிய பெயர்களையும் பாருங்கள். ஆதன் போன்ற நம் பெயர்களோடு சுமனன், விசாகி என்று வடபுலப் பெயர்களும் வருகின்றன. ஓர் ஓட்டில் "நிகம" என்றே இருக்கிறது. நிகமம் என்றால் வணிகர் குழு. வந்து தங்கி வியாபாரம் செய்தவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் யவனர்கள் இல்லை. கரூருக்கு அருகே புகளூர் ஆறுநாட்டார் மலைக் குகையில் சமண முனிவருக்குக் கற்படுக்கை செய்துகொடுத்தவர்களில் ஒருவர் "கருவூர் பொன் வாணிகன்". பொன் வியாபாரம் உள்ளூர்க்காரன் கையில்!

பதிவு 13 · சந்தேகி

இதை நான் மறுக்கவில்லை. சொல்லப்போனால் நான் முதலில் சொன்னதற்கு இது எதிரே இல்லை. முசிறி முதல் கொடுமணல் வரை, கரூர் வரை, உயிருள்ள வழி. அதற்குக் கிழக்கே பூம்புகார் வரை யவனச் சரக்கு பெரும்பாலும் கடலோரமாகப் போனது, மிளகு ஓரளவு தரைவழியில் போனது. யவன வணிகர் கூட்டமாக நடந்து போனார்கள் என்பதற்கு மட்டும்தான் சான்று இல்லை என்கிறேன்.

வியன்னாவில் இருக்கும் முசிறிப் பாப்பிரஸ் ஆவணத்தையும் இதற்கு இழுக்கிறார்கள். ஹெர்மாபோலோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பும் கடன் ஒப்பந்தமும் அதில் இருக்கின்றன, இரண்டாம் நூற்றாண்டு. அதில் தரைவழி வருகிறது என்பது உண்மை. ஆனால் அது எகிப்தில் செங்கடல் துறையிலிருந்து ஒட்டகத்தில் நைல் நதிக்கரைக் கோப்டோஸுக்குப் போகும் பாலைவன வழி. பாலக்காட்டுக் கணவாய் இல்லை. இதை மாற்றி எழுதிய பகிர்வை வாட்ஸ்அப்பில் மூன்று முறை பார்த்துவிட்டேன்.

பதிவு 14 · சேரமைந்தன்

கரூர் கரூர் என்கிறீர்கள். சேரர் தலைநகர் வஞ்சி கொடுங்கல்லூரில்தான் இருந்தது. கரூரை வஞ்சி என்று சொல்வது திட்டமிட்ட

பதிவு 15 · நிர்வாகி

வஞ்சி எது என்ற விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. 214 பக்கம் ஓடி இன்னும் முடியவில்லை. அங்கே போங்கள். இங்கே வழியைப் பற்றி மட்டும்.

பதிவு 16 · காங்கேயன்

மாட்டுக் கணக்கு கேட்டார் சந்தேகி. எங்கள் தாத்தா பொதிமாடும் வண்டியும் ஓட்டியவர், அவர் சொன்னதை வைத்துச் சொல்கிறேன்.

பாரம் ஏற்றிய வண்டி நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் நடந்தால் 20, மிஞ்சிப் போனால் 25 கி.மீ. கொடுங்கல்லூரிலிருந்து கரூர் ஏறக்குறைய 280 கி.மீ. பன்னிரண்டு முதல் பதினாலு நாள். இடையில் மாட்டுக்கு ஓய்வு வேண்டும், சேர்த்தால் பதினாறு, பதினேழு. நொய்யல் கூடவே வருவதால் கொங்குப் பகுதியில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை.

காலம்தான் சிக்கல். தென்மேற்குக் காற்றைப் பிடித்துவரும் கப்பல் புரட்டாசி வாக்கில் முசிறி சேரும், மார்கழி, தையில் திரும்பும். நடுவில் ஐப்பசி, கார்த்திகை எங்கள் பக்கம் மழை. கரிசலில் மழை பெய்தால் வண்டி இறங்கவே கூடாது, சக்கரம் பாதி புதைந்துவிடும். கழுதையும் பொதிமாடும் போகும். ஆகவே வாத்தியார் ஐயா சொன்ன கழுதைச் சாத்துதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கல்லும் மணியும் எஃகும் எடை பார்த்தால் குறைவு, விலை பார்த்தால் அதிகம். கழுதைக்கு ஏற்ற சரக்கு.

பதிவு 17 · கல்பாத்தி

சங்ககாலத்தோடு நிறுத்திவிட்டீர்களே. வழி அதன்பிறகும் சாகவில்லை.

கோயம்புத்தூருக்குத் தெற்கே சுண்டக்காமுத்தூர் மலைச்சரிவில் ஒரு பாறைக் கல்வெட்டு இருக்கிறது. "இராசகேசரிப் பெருவழி" என்று வழியின் பெயரையே வெட்டி, சோழனைப் போற்றி ஒரு வெண்பாவும் எழுதியிருக்கிறார்கள், தமிழிலும் வட்டெழுத்திலும். முதலாம் ஆதித்தன் காலம், 9ஆம் நூற்றாண்டு என்று கொள்கிறார்கள். இரண்டு எழுத்து ஏன் என்று யோசித்துப் பாருங்கள். கிழக்கிலிருந்து வருபவனுக்கு ஒன்று, மேற்கிலிருந்து வருபவனுக்கு ஒன்று. இது என் ஊகம்தான், ஆனால் வாளையாறில் இன்று இருக்கும் பெயர்ப்பலகையைப் பார்த்தவனுக்கு வேறு எதுவும் தோன்றாது.

பதிவு 18 · ஏட்டுச்சுவடி

படிக்கத் தெரியாதவனுக்கும் வழி வைத்திருந்தார்கள் தம்பி. அது கொங்குக்கு வடக்கே, தருமபுரிப் பக்கம், அதியமான் பெருவழிக் கல். நாவல் தாவளத்துக்கு 29 காதம் என்று எழுத்தில் வெட்டிவிட்டு, அதன் கீழே குழியாகவும் போட்டிருக்கிறார்கள். பெரிய குழி இரண்டு, சின்னக் குழி ஒன்பது. பெரியது பத்து, சின்னது ஒன்று. இருட்டில் வந்தவன்கூட விரலால் தடவி எண்ணிக்கொள்ளலாம். தாவளம் என்றால் சாத்து தங்கும் இடம், நம் வண்டிப்பேட்டை மாதிரி.

பதிவு 19 · நொய்யல்கரையான்

இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி. இந்த இழையில் எனக்குக் கிடைத்த புதையல் இது. காசை விட்டுவிடுகிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை சுண்டக்காமுத்தூர் போய் அந்தக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். எழுத்து ஒன்றும் புரியவில்லை. ஆனால் அங்கே நின்று மேற்கே பார்த்தால் மலை இரண்டு பக்கமும் விலகி நடுவில் வெறும் வானம் தெரிகிறது. கல்பாத்தி சொன்ன வாசல் அதுதான். காற்றும் அங்கிருந்துதான் வந்தது.

காங்கேயன் அண்ணா, தாத்தா வண்டியில் தூரப் பயணம் போகும்போது என்னென்ன எடுத்துப்போவார்?

பதிவு 20 · காங்கேயன்

கம்பஞ்சோற்று உருண்டை, பருத்திக்கொட்டை மூட்டை, மசகெண்ணெய், கடையாணி நாலைந்து. வண்டிக்கு அடியில் கயிற்றில் கட்டி ஒரு இருசு, அதாங்க அச்சு. உபரிதான். பள்ளத்தில் இறங்கும்போது எது முறியும் என்று யாருக்குத் தெரியும் என்பார்.

பதிவு 21 · ஏட்டுச்சுவடி

காங்கேயன், அதற்குப் பெயர் சேம அச்சு. புறநானூறு 102, ஔவையார். உப்பு வண்டி ஓட்டும் உமணர் பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன ஆகுமோ என்று வண்டியின் கீழ்மரத்தில் கட்டிக்கொண்டு போவார்களாம். உங்கள் தாத்தா அந்தப் பாட்டைப் படித்திருந்தாரா?

பதிவு 22 · காங்கேயன்

கைநாட்டுங்க.